ஒரு நாடகமும் 31 மேடைகளும்

நான்கு மாதங்களில் 31 ஊர்களில் 46 முறை ஒரே நாடகத்தில் நடித்துவிட்டு வீடு திரும்பியபோது, பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தினமும் அதையே நடிப்பது சலிக்கவில்லையா? சலிப்பைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் "அதையே" நடிக்கும் வாய்ப்பு எங்களுக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வசனம் மாறவில்லை, மேடையின் அகலம், கூடத்தின் எதிரொலி, முந்தைய இரவின் தூக்கம், என் தொண்டை, உடன் நடிப்பவரின் மனநிலை ஆகிய அனைத்தும் நாள்தோறும் மாறின. இவ்வளவு மாற்றத்துக்கு நடுவே இரண்டு மணி நேரத்தை மட்டும் மாறாமல் காப்பதுதான் ஊர் ஊராகச் செல்லும் நடிகனின் வேலை என்பது எனக்குப் புரிவதற்குள் ஏறத்தாழ பத்துக் காட்சிகள் கடந்துவிட்டன. அந்தப் பத்திலும் அதற்குப் பிறகும் நான் செய்த பிழைகளிலிருந்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் நாடகத்தில் இரண்டு அங்கங்கள். ஒரே ஒரு வீட்டுக்கூடம்தான் களம். ஒன்பது நடிகர்கள், இரண்டு தொழில்நுட்பக் கலைஞர்கள், ஒரு மேடை நிர்வாகி எனப் பன்னிரண்டு பேர் ஒரு வேனிலும், அரங்கப் பொருட்கள் ஒரு லாரியிலும் சென்றோம். நான் ஏற்றது சொத்தைப் பிரிக்க மறுக்கும் மூத்த அண்ணனின் வேடம். ஒத்திகைக் கூடத்தின் தரையில் ஒட்டுநாடாவால் 10 மீட்டர் அகலத்துக்கு மேடை குறித்து ஆறு வாரம் பழகியிருந்தோம். முதல் அங்கத்தில் வாசலிலிருந்து தம்பியின் நாற்காலியை நோக்கி நடந்தபடியே நான் பேசும் வசனம் ஏழு அடிகளில் முடியும். எட்டாவது அடியில் அவன் எழுந்துகொள்வான். மூன்றாவது ஊரில் மேடையின் அகலம் ஆறு மீட்டர்தான். நான்காவது அடியிலேயே தம்பியின் முன்னால் போய் நின்றுவிட்டேன். வசனமோ பாதிதான் முடிந்திருந்தது. மீதியை அவன் மூக்குக்கு நேரே குனிந்து சொல்லி முடிக்க, அவன் வழக்கம்போல் வேகமாக எழ, அவன் தலை என் தாடையில் இடித்தது. கூடம் முழுவதும் சிரித்தது. அது சிரிப்பதற்கான இடம் அல்ல.

அன்றிலிருந்து அடிகளை எண்ணுவதை விட்டுவிட்டேன். எத்தனை அடி என்பதற்குப் பதிலாக, யாருக்கும் எதற்கும் நடுவே நிற்கிறேன், எந்தச் சொல்லில் யாரைப் பார்க்கிறேன் என்பதை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டேன். நாற்காலிக்கும் வாசலுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்றால், மேடை ஆறு மீட்டராக இருந்தாலும் பதினான்கு மீட்டராக இருந்தாலும் அந்த இடம் ஒன்று இருக்கவே செய்யும். ஒத்திகையின்போதே இயக்குநரிடம் மிகச் சிறிய மேடையின் அளவையும் மிகப் பெரிய மேடையின் அளவையும் கேட்டுப் பெற்று, இரண்டுக்கும் ஒவ்வொரு முறை பழகியிருந்தால் தாடை தப்பியிருக்கும். இயக்குநர்கள் பெரும்பாலும் முதல் சில காட்சிகளுக்குப் பிறகு குழுவுடன் வருவதில்லை; அதன்பின் நாடகத்தின் காவலர் மேடை நிர்வாகிதான்.

புதிய ஊரை அடைந்ததும் என் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே மேடைக்குப் போவது என் வழக்கமாயிற்று. நடிக்கும்போது அணியும் அதே காலணியுடன் ஒவ்வொரு நுழைவாயிலிலிருந்தும் நான் நிற்க வேண்டிய இடத்துக்கு நடந்து பார்ப்பேன். பிறகு திரைக்குப் பின்னால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்லும் வழியை விளக்கை அணைத்துவிட்டு நடந்து பார்ப்பேன். சில அரங்குகளில் அப்படி ஒரு வழியே இருக்காது. இடப்பக்கம் வெளியேறியவர் வலப்பக்கமாக மீண்டும் வரவேண்டுமானால் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டும். இதைக் காட்சியின் நடுவில் கண்டுபிடித்த ஓர் இளம் நடிகர் மழையில் நனைந்து, கோடை நண்பகலில் நடக்கும் காட்சிக்குள் சொட்டச் சொட்ட வந்து நின்றார். கடைசியாக, பார்வையாளர் பகுதியின் இறுதி வரிசைக்குப் போய் இரு ஓர இருக்கைகளிலும் சிறிது நேரம் உட்கார்ந்திருப்பேன். அந்த இருக்கைக்குப் பணம் கொடுத்து வருபவருக்கு என் முகம் தெரியுமா, முதுகு மட்டும்தான் தெரியுமா என்பதை அங்கிருந்துதான் அறிய முடியும்.

பழைய அரங்குகள் சிலவற்றில் மேடையே சமதளமாக இருக்காது. பின்பக்கம் உயர்ந்து, பார்வையாளரை நோக்கிச் சரிந்திருக்கும். இருக்கைகள் ஒரே மட்டத்தில் இருந்த காலத்தில் பின்னால் நிற்கும் நடிகரும் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் அந்தச் சரிவு, இரண்டு மணி நேரம் கழித்து முழங்காலிலும் இடுப்பிலும் தன்னைத் தெரிவித்துக்கொள்ளும். சக்கரம் வைத்த எதையும் அங்கே நம்பக் கூடாது. எங்கள் தேநீர் வண்டி ஒரு முறை தானாகவே முதல் வரிசையைப் பார்க்கப் புறப்பட்டது.

மேடையை நடந்து பார்த்த பிறகு, நடுவில் நின்று ஒரு முறை கையைத் தட்டி, ஒலி எவ்வளவு நேரம் சுழன்று அடங்குகிறது என்று கேட்பேன். பேச்சு தெளிவாகக் கேட்க அந்த நேரம் ஒரு வினாடியை ஒட்டி இருப்பது நல்லது. இரண்டு வினாடியைத் தாண்டும் கூடத்தில், முந்தைய சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுந்து மெய்யெழுத்துகள் கரைந்துவிடுகின்றன. காலியான கூடம் கொடுக்கும் கணக்கை அப்படியே நம்பவும் கூடாது. மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால், நிறைந்த கூடத்தில் எதிரொலி குறையும். எனவே மாலை எத்தனை பேர் வருவார்கள் என்பது எனக்கு வசூல் சார்ந்த தகவல் மட்டும் அல்ல. நான் எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும் என்பதும் அதில்தான் இருந்தது.

தமிழில் நடிப்பவருக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வந்தது ஆணா பெண்ணா, வருமா வராதா, கொடுத்தானா கொடுக்கவில்லையா என்பதெல்லாம் கடைசிச் சொல்லின் கடைசி அசையில் இருக்கிறது. மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அதே இடத்தில்தான். "இந்த வீட்டை நான் உயிரோடு இருக்கும்வரை விற்க விடமாட்டேன்" என்று நான் முழங்கியதைக் கேட்டு, பின்வரிசைக்காரர் ஒருவர் இடைவேளையில் எங்கள் மேடை நிர்வாகியிடம், "மூத்தவர் வீட்டை விற்கச் சம்மதித்துவிட்டாரே, பிறகு ஏன் சண்டை?" என்று கேட்டிருக்கிறார். எதிரொலி மிகுந்த அந்தக் கூடத்தில் "மாட்டேன்" அவரைச் சென்று சேரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லுக்கும் மூச்சை மிச்சம் வைத்துக்கொண்டு பேசப் பழகினேன். கத்தத் தேவையில்லை, வாக்கியத்தை முடிக்கும்போது தரையைப் பார்க்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஒலிவாங்கி இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. அது விழுங்கிய சொல்லை விழுங்கியபடியே பெரிதாக்கித் தரும்.

தொண்டையைப் பற்றி எனக்கு இருந்த நம்பிக்கைகளில் பெரும்பாலானவை தவறு என்பது இந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. பேசும்போது நம் குரல்நாண்கள் ஆண்களுக்கு வினாடிக்கு நூற்றுக்கும் சற்று மேலாகவும் பெண்களுக்கு இருநூறு முறை அளவிலும் ஒன்றோடொன்று மோதுகின்றன. இரண்டு மணி நேர நாடகத்தில் அது எத்தனை லட்சம் மோதல் என்று கணக்கிட்டுப் பார்த்தால், அவற்றை நடத்தும் முறை தானாகவே மாறும். குடிக்கும் தண்ணீர் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை; அது உணவுக்குழாய் வழியே போய், உடலில் கலந்து, மெதுவாகத்தான் அங்கே ஈரமாகச் சென்று சேர்கிறது. ஆகவே மேடையேறும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை அவசரமாகக் குடிப்பதில் பயனில்லை. காலையிலிருந்தே சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். மூச்சோடு உள்ளே போகும் நீராவி மட்டும்தான் நேராக அங்கே சேர்கிறது. குரல் கம்மினால் கிசுகிசுவென்று பேசுவது ஓய்வு என்று நினைத்திருந்தேன். பலருக்கு அது சாதாரணப் பேச்சைவிட அதிக இறுக்கத்தைத் தரும் என்று என்னைப் பரிசோதித்த மருத்துவர் சொன்னார். தொண்டையைக் கரகரவெனச் செருமுவதற்குப் பதிலாக ஒரு மிடறு விழுங்கச் சொன்னதும் அவர்தான்.

ஆனால் என் குரலைக் கெடுத்தது மேடை அல்ல, வேன். இரைச்சலுக்கு நடுவே பேசும் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். 1911இல் இதைப் பதிவுசெய்த பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார்டின் பெயரால் இந்த இயல்பு அழைக்கப்படுகிறது. எஞ்சின் சத்தம், திறந்த ஜன்னல், பின்னிருக்கையிலிருந்து அரட்டை என ஆறு மணி நேரம் பயணம் செய்துவிட்டு இறங்கும்போது, நாடகம் தொடங்குவதற்கு முன்பே ஒரு நாடகத்துக்கான குரலை நாங்கள் செலவழித்திருந்தோம். எட்டாவது காட்சியில் எங்கள் கதாநாயகிக்குக் குரல் முற்றிலும் அடைத்துவிட்டது. மாற்று நடிகை யாரும் இல்லை. மேடை நிர்வாகி பார்வையாளர்களிடம் நிலைமையை அறிவித்துவிட்டு, கதாநாயகியின் சேலையை உடுத்திக்கொண்டு, கையில் நாடகப் பிரதியுடன் மேடையேறிப் படித்தே நடித்தார். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பிரதி யாருடைய கண்ணிலும் படவில்லை. அந்த இரவுக்குப் பிறகு, பயணத்தின் கடைசி இரண்டு மணி நேரம் வேனில் யாரும் பேசுவதில்லை என்று முடிவு செய்தோம். குரலுக்காகச் செய்த அந்த ஏற்பாடு, பன்னிரண்டு பேர் ஒருவரையொருவர் சகித்துக்கொள்வதற்கும் உதவியது என்பது நாங்கள் எதிர்பாராதது.

தூக்கம் இன்னொரு கணக்கு. திரை விழுந்த பிறகும் உடல் விழாது. ஒப்பனையைக் கலைத்து, சாப்பிட்டுப் படுத்தாலும் பின்னிரவு இரண்டு மணிவரை கண்கள் விழித்தே இருக்கும். காலை ஆறு மணிக்கு வேன் புறப்படும். தாமதமாக வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறி மறுநாள் குரலைக் கரகரக்க வைக்கிறது. ஆகவே பெரிய சாப்பாட்டை நாடகத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு முடித்துக்கொண்டு, இரவில் குறைவாகச் சாப்பிடத் தொடங்கினேன். பெட்டியை நாடகத்துக்கு முன்பே கட்டிவைப்பதால் காலையில் கிடைக்கும் இருபது நிமிடத் தூக்கத்தின் அருமை அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

உடைகளைப் பற்றி ஒரே ஒரு செய்தி: வியர்வையோடு பெட்டிக்குள் போகும் உடை இரண்டு நாளில் நாறும், ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். துவைக்க முடியாத கனமான உடைகளின் மேல் நீர் கலந்த வோட்காவைத் தெளித்து உலர்த்துவது பல நாடுகளின் நாடகக் குழுக்களில் இருக்கும் பழக்கம். எங்கள் உடைப் பொறுப்பாளர் அந்தப் புட்டியைப் பூட்டி வைத்திருந்ததற்குக் காரணம் உடைகள் அல்ல.

ஊர் ஊராகப் போய் நடிப்பது நாங்கள் கண்டுபிடித்ததல்ல. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை நிறுவிய காலத்தில், சிறுவர்களைக் கொண்ட நாடகக் கம்பெனிகள் ஓர் ஊருக்குப் போனால் அங்கேயே ஒரு கம்பெனி வீடு எடுத்து, நாடகங்களை மாற்றி மாற்றிப் போட்டுத் தங்கும். அவர்கள் ஓர் ஊருக்குப் பல நாடகங்களை எடுத்துப் போனார்கள். நாங்கள் ஒரு நாடகத்தைப் பல ஊர்களுக்கு எடுத்துப் போகிறோம். அவர்களின் உழைப்போடு எங்கள் உழைப்பை ஒப்பிடவே கூடாது என்றாலும், தங்கியிருந்த ஊரின் முகங்கள் அவர்களுக்குப் பழகியிருக்கும் என்பதை நினைத்துச் சில இரவுகள் பொறாமைப்பட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் பார்க்க வருபவர் யார் என்று எங்களுக்கு எந்த ஊரிலும் தெரியவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் அங்கே இல்லை.

இன்னும் பழைய செய்தி ஒன்றை, பயணம் தொடங்கும் முன்பே படித்திருக்கலாமே என்று வருந்தியிருக்கிறேன். 1545 பிப்ரவரி 25 அன்று இத்தாலியின் பதுவா நகரில் எட்டு நடிகர்கள் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். ஊர் ஊராகச் சென்று நடிக்கப் போகும் அவர்கள், வரும் பணத்தை ஒரே பெட்டியில் வைத்து அதற்கு மூன்று சாவிகள் செய்து மூன்று பேரிடம் கொடுப்பது, யாராவது நோயுற்றால் பொதுப் பணத்திலிருந்து கவனிப்பது, பொருட்களைச் சுமக்க ஒரு குதிரை வாங்குவது, தங்களுக்குள் சீட்டாடினால் தின்பண்டத்தைத் தவிர வேறு எதையும் பந்தயம் வைக்காமல் இருப்பது என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்குப் பிறகு நாங்கள் சண்டையிட்டுக்கொண்ட அத்தனை விஷயங்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, குதிரை உட்பட. எங்களுக்கு அது லாரி.

எங்கள் ஒப்பந்தத்தில் காட்சிக்கு இவ்வளவு ஊதியம் என்று மட்டும் இருந்தது. பயண நாளுக்கு ஊதியம் உண்டா, காட்சி இல்லாத நாளில் தினப்படி யார் கொடுப்பது, காட்சி ரத்தானால் என்ன ஆகும் என்பதை யாரும் கேட்கவில்லை. நல்ல குழுவில் பணத்தைப் பற்றிக் கேட்பது அழகல்ல என்று எனக்கும் தோன்றியிருந்தது. பதினெட்டாவது ஊரில் அமைப்பாளர் ஒருவர், நாங்கள் லாரியிலிருந்து பொருட்களை இறக்கிய பிறகு காட்சியை ரத்து செய்தார். சீட்டு விற்கவில்லை என்றார். அன்றைய ஊதியம் இல்லை, மறுநாளும் பயண நாள் என்பதால் ஊதியம் இல்லை; ஆனால் இரண்டு நாளும் உழைத்திருந்தோம். அன்று இரவே உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதினோம்: பயண நாளுக்குப் பாதி ஊதியம், 48 மணி நேரத்துக்குள் ரத்தானால் முழு ஊதியம், வாரத்தில் ஒரு நாள் பயணமும் இல்லாத முழு ஓய்வு, நோயுற்றவருக்கு மருத்துவச் செலவு. தயாரிப்பாளர் மூன்றை ஏற்றார்; பயண நாள் ஊதியத்தைக் கால் பங்காகக் குறைத்தார். இதை ஒத்திகையின் முதல் வாரத்தில் கேட்டிருந்தால் பாதியே கிடைத்திருக்கும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். லாரி பாதி வழியில் நிற்கும்போது பேரம் பேசும் பலம் யாருக்கும் இருப்பதில்லை.

தம்பியாக நடித்தவரோடு எனக்கு ஏற்பட்ட மனத்தாங்கலையும் சொல்லத்தான் வேண்டும். அது எதில் தொடங்கியது என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள்: வேனின் முன்னிருக்கை. மூன்று வாரம் மேடைக்கு வெளியே நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மேடையில் ஒவ்வோர் இரவும் இறுதிக் காட்சியில் அவரைக் கட்டிக்கொண்டு அழுவேன். திரை விழுந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவோம். அந்த நாட்களில்தான் எங்கள் நடிப்பு மிக நன்றாக இருந்தது என்று மேடை நிர்வாகி சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் அப்படிப்பட்ட நடிப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பிறகு ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. முன்னிருக்கையில் அவரை உட்கார வைத்தோம். அதன்பின் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு, இருக்கைகளைத் தினமும் சுழற்சி முறையில் மாற்றச் சொல்கிறேன். அற்பமாகத் தோன்றும் ஏற்பாடுதான். அற்பமான காரணங்களால்தான் குழுக்கள் உடைகின்றன.

இனி சலிப்பு. இருபதாவது காட்சியை ஒட்டி ஓர் இரவு, வசனம் வாயிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே நான் வீட்டுக்குக் கட்ட வேண்டிய மின்கட்டணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். எதுவும் தவறவில்லை, பார்வையாளர்களுக்குத் தெரியவும் இல்லை. ஆனால் அதே வாரத்தில், முதல் அங்கத்தில் எப்போதும் பெரிய சிரிப்பை எழுப்பும் என் வசனம் ஒன்றுக்கு அமைதிதான் பதிலாகக் கிடைத்தது. ஊர் சரியில்லை என்றேன். அடுத்த ஊரிலும் அமைதி. மேடை நிர்வாகி எதுவும் சொல்லாமல் தன் குறிப்பேட்டைக் காட்டினார். ஒவ்வொரு காட்சியும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் அவர் எழுதிவந்திருந்தார். இடைவேளையை நீக்கிப் பார்த்தால் முதல் வாரத்தில் 1 மணி 52 நிமிடம் ஓடிய நாடகம், இப்போது 1 மணி 59 நிமிடம் ஓடியது. ஒரு சொல்கூடக் கூடவில்லை. அந்த ஏழு நிமிடமும் எங்கள் இடைநிறுத்தங்கள். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று தெரிந்துபோனதால், அது வருவதற்கு முன்பே நான் அதற்காகக் காத்து நிற்கத் தொடங்கியிருந்தேன். காத்து நிற்பவனைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

அதற்கு நான் கண்ட மருந்து எளியது, ஆனால் கடினமானது: தம்பி என்ன சொல்கிறான் என்பதை முதல் முறை கேட்பதுபோல் கேட்பது. என் வசனத்தைப் பற்றி நினைக்காமல், அவன் இன்று எந்தச் சொல்லை அழுத்தினான், எங்கே மூச்சு வாங்கினான் என்று கவனித்தால் என் பதில் தானாகவே அதற்கு ஏற்ப அமைகிறது. நான்கு நாளில் சிரிப்பு திரும்பி வந்தது, அதுவும் வேறோர் இடத்தில். நாடகம் 1 மணி 53 நிமிடத்துக்கு வந்தது. தினமும் ஏதாவது புதிதாகச் செய்து பார்ப்பதும் சலிப்புக்கு மருந்து என்று சிலர் சொல்வார்கள். உடன் நடிப்பவருக்குச் சொல்லாமல் செய்யும் புதுமை அவருக்குக் குழியாகிவிடும் என்பதால் அதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓர் அரங்கில் பின்புறக் கதவுகள் இரண்டும் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருந்தன. சீட்டு வாங்காதவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள் என்று காவலாளி காரணம் சொன்னார். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோகுவா அரங்கில் ஏற்பட்ட தீயில் 600 பேருக்கு மேல் இறந்ததற்கு, திறக்க முடியாமல்போன கதவுகளும் ஒரு முக்கியக் காரணம். எங்கள் மேடை நிர்வாகி வரலாறு எதையும் பேசவில்லை. பூட்டைத் திறக்கும்வரை திரை உயராது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். காட்சி 40 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. தாமதத்துக்காகக் கூச்சலிட்டவர்களிடம் நாங்கள் விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. ஒவ்வோர் அரங்கிலும் என் ஒப்பனை அறையிலிருந்து வெளியே செல்லும் வழியை ஒரு முறை நடந்து பார்ப்பதை அன்றிலிருந்து என் சுற்றில் சேர்த்துக்கொண்டேன்.

வீட்டோடு பேசுவதற்கு இரவு நேரத்தை நம்பாதீர்கள். நாடகம் முடிந்து நாம் பேச விரும்பும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் உறங்கியிருப்பார்கள். எழுப்பிப் பேசினால் நம் உற்சாகம் அவர்களுக்குத் தொல்லை. காலைப் பயணம் தொடங்கும் முன் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். நாடகத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் தவிரப் பேசுவதில்லை.

கடைசிக் காட்சி நாங்கள் எதிர்பார்த்த அளவுக்கு உருக்கமாக இல்லை. லாரியை இரவே திருப்பி அனுப்ப வேண்டியிருந்ததால், கைத்தட்டல் ஓயும் முன்பே பின்சுவரை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். வீடு வந்த முதல் இரண்டு நாள் தூங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து மாலை ஆறரை மணியானால் இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிறு இறுகும். மேடை இல்லை என்பதை உடல் நம்ப மறுத்தது. உதடுகளைக் குவித்துப் படபடவென அதிரவிடும் குரல் பயிற்சியை அந்த நேரத்தில் சமையலறையில் நின்றுகொண்டு நான் செய்வதை வீட்டில் உள்ளவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொண்டார்கள். எட்டாம் நாள் மாலை, சரியாக ஆறு இருபதுக்கு, என் கையில் ஒரு பையைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார்கள்.